இடது கால் சாக்ஸ்

"எந்தப் பக்கம்டா அடிப்பான்?" என்று எட்வின் கேட்டபோது செண்பகராஜ் முகமூடியின் வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான். வார் முறுக்கிக்கொண்டுவிட்டது. முறுக்கிக்கொண்டதும் நல்லதாய்ப் போயிற்று, உடனே பதில் சொல்லாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தது. கோல்கீப்பர் எட்வின் ரொசாரியோ பெரம்பூர்க்காரன், பொறுமை என்பது அவன் ரத்தத்திலேயே கிடையாது, இருந்தும் கால் கவசங்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு காத்திருந்தான். எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் கடைசி சங்கு ஊதியாகிவிட்டது. ஆளுக்கு ரெண்டு கோல். ஆனாலும் ஆட்டம் முடிந்தது என்று சொல்ல முடியாது, சங்குக்கு ஒரு மூச்சு முன்னால் சென்னை அணிக்கு நடுவர் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டார், கொடுத்த கார்னரை அடித்து முடித்தால்தான் ஆட்டம் முடியும், அது சட்டம். உள்ளே போனால் சென்னை ஃபைனலுக்குப் போகிறது. போகாவிட்டால் ஷூட் அவுட். செண்பகராஜும் எட்வினும் இந்த வருஷம் லக்னோ அணி. ஏலத்தில் எவன் கையைத் தூக்குகிறானோ அவன் ஊர்தான் அந்த வருஷத்துக்குச் சொந்த ஊர், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. லக்னோ கேப்டன் விடவில்லை, பந்து எங்கள் ஆள் காலில் படவே இல்லை என்று மூன்றாவது நடுவரிடம் முறையிட்டிருந்தான். அவர் எங்கேயோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து டிவியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் சொன்ன அந்த எங்கள் ஆள் வேறு யாருமில்லை, செண்பகராஜ்தான்.

பட்டது. இடது பூட்ஸின் முனையில், கட்டைவிரலுக்கு மேலே, வலிக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும் தெரிகிற அளவுக்கு நன்றாகவே பட்டது. கேப்டன் ஓடி வந்து பட்டதா என்று இந்தியில் கேட்டதும் தலை தானாக இல்லை என்று ஆடிவிட்டது. தலைக்கு அப்படி ஒரு பழக்கம். கோவில்பட்டியில் செம்மண் தரையில் ஹாக்கி பழகினவன் எவனையும் கேட்டுப் பாருங்கள், பந்து காலில் பட்டதா என்றால் பட்டது என்று சொல்ல வாய் வராது, ரெண்டு கையையும் விரித்து நானா என்று நடுவரைத்தான் பார்ப்பான், புழுதியில் பந்தின் தடம் பூட்ஸ் வரைக்கும் வந்து நின்றிருந்தாலும் நானா என்பான். அது பொய் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை, ஆட்டத்தில் ஒரு பகுதி. இப்போது அதே தலையாட்டலை நம்பி ஒரு பஞ்சாபிக் கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். திரையில் பூட்ஸ் தெரிகிறது. பூட்ஸுக்குப் பக்கத்தில் பந்து தெரிகிறது. இன்னும் நாலு கோணம் பார்த்தாலும் பட்டது பட்டதுதானே. ஏற்கெனவே ஒன்று சொல்லியாகிவிட்டது, இனி எட்வினுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். தெரியும் என்று சொன்னால் உண்மை, ஆனால் அந்த உண்மை செண்பகராஜுக்குச் சொந்தமானது இல்லை, ஒருவன் நம்பிக் காட்டியது.

"ரெய்ண்டர், ரெய்ண்டர்" என்று மைதானம் பூராவும் கத்துகிறது. கத்துவது தமிழ் ஜனம், கத்தப்படுவது ஹாலந்துக்காரன் பேர். ரெய்ண்டர் ஹூக்ஸ்ட்ரா. வட்டத்துக்கு வெளியே ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு, திரையைக்கூடப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி நிற்கிறான். ஆறடிக்கு மேலே உயரம், வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு. கேலரியில் ஒரு அப்பா பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிறார், பிள்ளையின் ரெண்டு கன்னத்திலும் ஆரஞ்சுச் சாயம். சென்னைக்காரன் ஒருத்தனைத் தூக்கிவைக்க முடிவு பண்ணிவிட்டால் அப்புறம் கீழே இறக்கவே மாட்டான். ரெய்ண்டர் வந்த முதல் வருஷமே பொங்கலுக்கு வேட்டி கட்டி நின்றான், வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டு இறுக்கினான், அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆட்டோவின் முதுகில் அவன் படம். இடுப்புவலித் தைலத்துக்கு விளம்பரம் வேறு, பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "வலி போச்சு" என்று தமிழில் சொல்வான், உச்சரிப்பு கண்றாவி, அதற்கே சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கார்னரில் பந்தை இழுத்து எறிகிற அந்த ஃப்ளிக்குக்கு முன்னால் ஸ்டிக்கால் தரையைத் தட்டிவிட்டு, குனிந்து இடது கால் சாக்ஸை ஒரு இழுப்பு இழுத்துவிடுவான், அதுதான் அவன் முத்திரை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது செண்பகராஜ் பார்த்தான், மைதானத்தில் பொடியன்கள் கார்னர் அடிப்பதற்கு முன்னால் எல்லாப் பயலும் குனிந்து சாக்ஸை இழுத்தான். சாக்ஸ் போடாதவனும் இழுத்தான், வெறுங்காலில் முழங்காலுக்குக் கீழே இல்லாத சாக்ஸைப் பிடித்து மேலே இழுத்துவிட்டுப் பந்தைப் பார்த்தான். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, காரணம் செண்பகராஜுக்கு மட்டும்தான் தெரியும், அந்த சாக்ஸ் கதை அந்தப் பொடியன்களுக்குத் தெரியாது.

இந்த முகமூடிக்குள் மூச்சு விட்டால் மூச்சு திரும்ப முகத்திலேயே வந்து அடிக்கிறது. காலையில் குடித்த காபி வாசனை இன்னுமா இருக்கும். ரப்பரும் வியர்வையும் ஒரு பழைய ரத்த வாசனையும், அந்த ரத்தம் இருக்க வாய்ப்பில்லை, அது வேறு முகமூடி, ஆனாலும் மூக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பெனால்டி கார்னரில் செண்பகராஜுக்கு உள்ள வேலையைக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஐந்து பேர் கோலுக்குள் நிற்பார்கள். எதிராளி ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளுவான், வட்டத்து விளிம்பில் ஒருவன் நிறுத்துவான், ரெய்ண்டர் ஓடி வந்து அதை ஸ்டிக்கில் வாரி எடுத்து இழுத்து எறிவான். பந்து நகர்ந்த அந்த நொடியில் ஐந்து பேரில் முதலாவதாக ஒருவன் நேரே ரெய்ண்டரை நோக்கி ஓட வேண்டும். பந்து வருகிற வழியில் உடம்பைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நல்ல புத்தி உள்ளவன் பந்து வந்தால் விலகுவான், இவனுக்கு விலகாமல் இருப்பதற்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். போன வருஷம் சென்னை அணியில் இருந்தபோது பயிற்சியில் ரெய்ண்டர் அடித்த ஒன்று முகமூடியை உடைத்துத் தாடையில் இறங்கியது. சொந்த அணிக்காரன், விளையாட்டுக்கு அடித்தது. மூன்று வாரம் கஞ்சி. மனைவி ராஜகனி ஒரு வார்த்தை திட்டவில்லை, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே "முன்னால ஓடுறதுக்கு உங்களை விட்டா அந்த டீம்ல வேற ஆளே கிடையாதா" என்று மட்டும் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். அவளும் இப்போது டிவிக்கு முன்னால்தான் இருப்பாள், கார்னர் என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள், சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வது அவள் வழக்கம். மகள் "அம்மா, அப்பா எழுந்துட்டாரு" என்று கத்தினால்தான் திரும்ப வருவாள்.

அந்தத் தாடை உடைந்த நாளிலிருந்துதான் ரெய்ண்டர் ஒட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ராத்திரி பூராவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டுக்காரனையும் உள்ளூர்க்காரனையும் ஒரே அறையில் போடுவது சென்னை அணிக் கோச்சின் பழக்கம், பேச்சுப் பழகட்டும் என்று. செண்பகராஜின் இங்கிலீஷும் ரெய்ண்டரின் இங்கிலீஷும் ரெண்டு வேறு இங்கிலீஷ், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்ளும். தாடையைக் கட்டியிருந்ததால் முதலில் எல்லாம் அவன்தான் பேசினான். வடக்கே ஏதோ ஊர், கால்வாய் உறைந்தால் ஊரே பனியில் சறுக்கப் போய்விடுமாம், ஹாக்கி ஆடுகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்களாம். அப்பாவுக்கு மாடுகள். மாட்டுக்கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் சின்னக் கட்டம் போட்டுக் குளிர்காலம் பூராவும் அதற்குள் பந்தை எறிந்திருக்கிறான், கோல்கீப்பர் ஸ்டிக் பிடிக்கிற வலது கைப் பக்கம், மேல் மூலை. பசு மிரண்டு பால் குறைந்துபோய் அப்பா அடித்தாராம். பத்தொன்பது வயசில் தேச அணி. ரெண்டு ஒலிம்பிக், ஒரு வெள்ளி. ஒரு காலத்தில் அவன் முகத்தை மோர் டப்பாவில் போட்டிருந்தார்களாம், காலையில் எந்த வீட்டில் மோர் குடித்தாலும் இவன் முகம்தான். "இப்ப எடுத்துட்டாங்க. ஒரு சைக்கிள் ரேஸ்காரனைப் போட்டிருக்காங்க. நல்ல பையன்" என்றான். அதைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தான். கீழே ஹோட்டல் வாசலில் நாலைந்து காலேஜ் பையன்கள் ஆரஞ்சு சட்டையோடு காத்திருந்தார்கள். கையை ஆட்டினான். அவர்கள் கத்தினார்கள். "அங்கே நான் முன்னே எப்பவோ ஆடினவன், செண்பக். இங்கேதான் இன்னும் ரெய்ண்டர்" என்று அவன் சொன்னபோது செண்பகராஜுக்கு ஏனோ அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

முதுகு விஷயம் அப்புறம் தெரிந்தது. ஒரு நாள் காலையில் செண்பகராஜ் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ரெய்ண்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான், ஒரு கையில் சாக்ஸ், பாதத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறான். உலகத்திலேயே வேகமாகப் பந்தை எறிகிறவன் என்று பேர் வாங்கினவனுக்குத் தன் கால் எட்டவில்லை. இடுப்புக்கு மேலே தண்டுவடத்தில் ஒரு தட்டு விலகி நரம்பை நசுக்குகிறது, குனிந்தால் இடது கால் மரத்துப்போகும். டாக்டர்களுக்குக் காட்டினால் சங்கதி வெளியே போகும், வெளியே போனால் அடுத்த வருஷம் எவனும் எடுக்கமாட்டான். செண்பகராஜ் தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்து சாக்ஸை மாட்டிவிட்டான். பாதம் எவ்வளவு பெரிசு, குதிகாலைத் தாண்டவே பிடிக்கிறது. இழுத்தபோது ரெய்ண்டர் பல்லைக் கடித்தான், "மெதுவா, மெதுவா" என்று செண்பகராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படியென்றால் என்ன என்று அவன் கேட்டான். அர்த்தம் சொன்னதும் அதுதான் அவன் கற்றுக்கொண்ட முதல் உருப்படியான தமிழ் வார்த்தை ஆயிற்று. அதற்கப்புறம் தினமும் காலையில் காலை நீட்டுவான், "மெதுவா" என்பான், சாக்ஸ் ஏறும். ஒரு பெரிய ஆட்டக்காரனுக்கு சாக்ஸ் மாட்டிவிடுகிறோம் என்று கூச்சமாக இருந்ததா என்று இப்போது யோசித்தால், இல்லை, ஒரு நாளும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஊரே பார்க்கிற அந்த சாக்ஸை மாட்டிவிட்டது நான்தான் என்று ராஜகனியிடம்கூடச் சொல்லவில்லை.

"டேய், உன்னைத்தான் கேக்குறேன். ஒரு சீசன் பூரா அவன்கூடவே படுத்து எழுந்தவன் நீ. உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்" என்றான் எட்வின். திரையில் அதே பூட்ஸ், அதே பந்து, இப்போது பின்பக்கத்திலிருந்து. செண்பகராஜ் வாரை மறுபடி அவிழ்த்தான். எட்வினுக்கும் இது சாதாரண விஷயம் இல்லை. போன வாரம் காலுக்கு நடுவில் ஒரு அற்பமான பந்தை விட்டுவிட்டான், அதைச் செல்போனில் எடுத்துப் போட்டு ஊரே சிரித்தது. அவன் அப்பா அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், ரயில்வேக்கு ஆடினவர், மகன் ஆட்டத்தை நேரில் பார்த்து ரொம்ப நாளாகிறது என்று வந்திருக்கிறார். தடுத்துவிட்டால் எட்வின் அந்தப் பந்தை மறந்துவிடலாம். அதற்குத் தேவை ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை செண்பகராஜின் வாயில் இருக்கிறது. இந்த சீசன் முழுக்க ரெய்ண்டர் அடித்த கோல் எல்லாமே கோல்கீப்பரின் இடது பக்கம், கிளவுஸ் கைப் பக்கம், தாழ்வாக. டிவியில் பேசுகிறவர்கள் புதிய ரெய்ண்டர் என்கிறார்கள், அனுபவம் வந்தபின் ஆட்டத்தையே மாற்றிவிட்டான், முதிர்ச்சி என்கிறார்கள். முதிர்ச்சியாவது கத்தரிக்காயாவது. ஸ்டிக் கைப் பக்கம் மேல் மூலைக்கு அடிக்க வேண்டுமென்றால் இடுப்பை முழுசாக முறுக்க வேண்டும், அந்த முறுக்கு அவனிடம் இல்லை. காலியாகிவிட்டது. நடுநடுவே அந்தப் பக்கம் அடிக்கப்போவது மாதிரி தோளைக் காட்டுவான், கீப்பர்கள் பழைய பயத்தில் அந்தப் பக்கம் சாய்வார்கள், இவன் சுளுவாக இந்தப் பக்கம் போட்டுவிட்டுப் போவான். இல்லாத அடியை வைத்து ஒரு சீசனை ஓட்டியிருக்கிறான். சாக்ஸையும் இழுப்பதில்லை. முழங்காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்துவிடுகிறான். கேலரியில் எவனுக்கும் அது உறைக்கவில்லை, அவர்கள் கண்ணில் அவன் இன்னும் குனிந்து இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கிறார்கள்.

சொல்லிவிடலாம். இதில் என்ன தப்பு. எதிராளியின் பலவீனம் தெரிந்தால் கீப்பருக்குச் சொல்வதுதான் ஆட்டம், வீடியோ போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தால் அதற்குப் பேர் உழைப்பு, அறையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் மட்டும் துரோகமா. துரோகம் இல்லை. வீடியோவில் இருப்பது ஊருக்கே இருப்பது. அறையில் இருந்தது அப்படி இல்லை. சரி, சொல்லவேண்டாம். சொல்லாவிட்டால் எட்வின் நடுவில் நிற்பான், பாதிக்குப் பாதி, தடுத்தாலும் தடுப்பான், இல்லை பழைய பயத்தில் ஸ்டிக் கைப் பக்கம் சாய்ந்து கோலை வாங்குவான், நாளைக்கு இன்னொரு வீடியோ சுற்றும், நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா, இவனும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்காருகிறவன்தானே. அப்புறம் அந்த இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை யோசிக்கக் கூடாது என்று செண்பகராஜ் சீசன் பூராவும் தள்ளித் தள்ளி வைத்திருந்தான், தள்ளினதெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஏலத்துக்கு முன்னால் சென்னை அணியில் யார் யாரை வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் ரெய்ண்டரைக் கேட்டதாம். செண்பகராஜ் வேண்டுமா என்று பேரைச் சொல்லியே கேட்டதாம். அவன் எனக்கென்ன என்பது போல் தோளைக் குலுக்கினானாம். சொன்னவன் டீம் பஸ் மேனேஜர், அவன் வாயில் வருவதில் பாதி கலப்படம். இருந்தாலும் அந்தக் குலுக்கினானாம் மட்டும் போகவில்லை, இன்னும் உள்ளேயேதான் கிடக்கிறது. ஏன் குலுக்கினான். ஆட்டம் போதாதென்றா. இல்லை, தினமும் காலையில் தன் காலை மடியில் வைத்துப் பார்த்த ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றா. தன் முதுகை அறிந்தவன் தூரமாக லக்னோவில் இருக்கட்டும் என்றா. அப்படி நினைக்கிறவனா அவன். இன்றைக்குக் காலையில் ஹோட்டல் லிப்டில் பார்த்தபோது "செண்பக்" என்று கட்டிப்பிடித்தான், குனியாமல், முதுகை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு கட்டிப்பிடித்தான். யார் மாட்டிவிடுகிறார்கள் என்று கேட்க வந்தது. லிப்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கீழே பார்த்தால் ரெண்டு சாக்ஸும் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தன. யாரோ மாட்டியிருக்கிறான். அதுகூடக் கொஞ்சம் வலித்தது, இதென்ன கேவலமான வலி என்று செண்பகராஜுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

திரை மாறியது. கேலரி எழுந்தது. மைதான நடுவர் காதில் கை வைத்துக் கேட்டார், தலையாட்டினார், கோலை நோக்கி ரெண்டு கையையும் நீட்டினார். பட்டதுதான், பெனால்டி கார்னர்தான். கேப்டன் மைதானத்தின் நடுவிலிருந்து செண்பகராஜை ஒரு பார்வை பார்த்தான், திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது. இந்தப் பார்வைக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டும், கெடுத்தது நான், இந்தக் கார்னரே என் பூட்ஸால் வந்தது, என் தலையாட்டலால் ஒரு முறையீடும் வீணாகப் போயிற்று, இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் எந்த அணிக்காரன். இப்படித்தான் நினைத்தான், நினைத்தது எல்லாம் நியாயமாகவும் இருந்தது. ஆனால் வாய் திறந்தபோது உள்ளே கிடந்த அந்தக் குலுக்கலும் கூடவே வந்தது என்பதை அவன் அறிவான்.

"உன் இடது பக்கம். கிளவுஸ் கை. தாழ்வா வரும்" என்றான் செண்பகராஜ். எட்வின் முகமூடிக்குள் கண்ணைச் சுருக்கினான்.

"தோளைக் காட்டுவானே?"

"காட்டுவான். நம்பாத. அந்தப் பக்கம் அவனால அடிக்க முடியாது. முதுகு போயிருச்சு."

எட்வின் ஒரு கணம் அவனைப் பார்த்தான். "சத்தியமா?" என்று கேட்கப் போனவன் கேட்கவில்லை. சரி மச்சி என்று சொல்லிவிட்டுக் கோலுக்குள் போய் நின்றான். நின்ற இடம் வழக்கத்தைவிட ஓர் அடி இடதுபக்கம் தள்ளி இருந்தது. சொல்லியாகிவிட்டது, முதுகு போயிருச்சு என்று ரெண்டு வார்த்தையில் சொல்லியாகிவிட்டது, இவ்வளவு சுளுவாக வந்துவிடும் என்று செண்பகராஜ் நினைக்கவில்லை. நாக்கில் கசப்பு எதுவும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய்க் கோட்டுக்குப் பின்னால் இடது காலை வைத்தான், ஸ்டிக்கைத் தாழ்த்தினான். புல்லில் தெளித்த தண்ணீர் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. எதிரே ரெய்ண்டர் ஸ்டிக்கால் தரையைத் தட்டினான். தலையைத் தூக்கிக் கோலைப் பார்த்தான். எட்வின் நிற்கிற இடத்தைப் பார்த்தான். அப்புறம் செண்பகராஜைப் பார்த்தான். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் நின்றது, கோபம் என்று சொல்ல முடியாது, காலையில் காலை நீட்டிவிட்டு மேலேயிருந்து பார்ப்பானே அந்தப் பார்வை. பிறகு குனிந்தான். முழங்காலோடு நிற்கவில்லை. முழுசாகக் குனிந்து, கணுக்கால் வரைக்கும் கையைக் கொண்டுபோய், இடது கால் சாக்ஸைப் பிடித்து மேலே இழுத்தான். மைதானம் வெடித்தது. செண்பகராஜுக்கு மட்டும் காது அடைத்துப்போயிற்று. இந்த சீசன் பூராவும் இழுக்காததை இழுக்கிறான், வேண்டாம்டா, அவன் அந்தப் பக்கமே அடிக்கப் போகிறான், எட்வின், நகரு, நகருடா என்று உள்ளே கத்தினான், முகமூடிக்குள் வாய் திறந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பந்து நகர்ந்தது. கால் ஓடியது. கால் யாரையும் கேட்காது, பழகின கால். சொன்ன வழியிலேயே ஓடியது, இடது பக்கத்துக்குப் பந்து வரவேண்டிய வழியில், அந்த வழியில் தன் முழங்காலையும் தாடையையும் கொண்டுபோய் வைத்தது. ஓடும்போது பயம் இல்லை, எப்போதும் ஓடும்போது பயம் இருக்காது, ராஜகனியின் கரண்டி ஞாபகம் வந்தது, ரெய்ண்டரின் ஸ்டிக்கில் பந்து ஏறியது, தோள் திரும்பியது, திரும்பின தோள் நிற்கவில்லை, பொய்க்காகத் திரும்புகிற தோள் பாதியில் நிற்கும், இது நிற்காமல் இடுப்பையும் கூட்டிக்கொண்டு முழுசாகத் திரும்பியது, மாட்டுக்கொட்டகையில் திரும்பின மாதிரி திரும்பியிருக்க வேண்டும். பந்து செண்பகராஜின் எதிர்ப்பக்கமாக, ஒரு கை தூரத்தில், விர்ரென்று போனது. பின்னால் கோலின் அடிப்பலகை அதிரவில்லை. வலை மட்டும் சரசரத்தது, மேலே, மூலையில். எட்வின் இடது பக்கம் கீழே விழுந்து கிடந்தான்.

சென்னை ஃபைனலுக்குப் போயிற்று. கேலரியிலிருந்து சட்டைகள் பறந்தன, ஒலிபெருக்கிக்காரன் ரெய்ண்டர் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டான், மீதியை ஊர் சொன்னது. ரெய்ண்டர் முழங்கால் போட்டு, ரெண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைக் கவிழ்த்திருந்தான். சந்தோஷத்தில் மண்டியிட்டிருக்கிறான், ஊரை வணங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள், தோளில் பிள்ளையை வைத்திருந்த அப்பா அழவே தொடங்கிவிட்டார். அவன் அணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள். செண்பகராஜ்தான் பக்கத்தில் இருந்தான், ஓடிய வேகத்தில் அவனைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தவன், முகமூடியைக் கழற்றாமலே அவனுக்கும் ஓடி வருகிறவர்களுக்கும் நடுவில் நின்று ரெண்டு கையையும் விரித்தான். நானா என்று விரிக்கிற அதே கைதான். கிட்ட வராதீங்க என்று தமிழில் கத்தினான். தோற்ற ஆத்திரத்தில் சண்டைக்கு நிற்கிறான் என்று நினைத்துக் கேலரி ஊளையிட்டது. ஊளையிடட்டும். முகமூடியை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ரெய்ண்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

"அவன்கிட்ட சொல்லிட்டே" என்றான் ரெய்ண்டர். அவனுடைய இங்கிலீஷில் சொன்னான், மெல்லச் சொன்னான்.

செண்பகராஜுக்குத் தலை ஆடவில்லை. வாய்தான் வந்தது. "சொல்லிட்டேன்."

"அவன் நின்ன இடத்தைப் பார்த்தேன். அந்த மூலை பூரா காலியா இருந்தது. எத்தனையோ நாளாச்சு அப்படிப் பார்த்து." மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டான். "கால் இருக்கறதே தெரியல செண்பக். ரெண்டு காலும்."

பின்னால் எட்வின் வந்து நின்றான். அவன் அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. சென்னை அணியின் டாக்டர் பெட்டியோடு ஓடி வருவது தூரத்தில் தெரிந்தது. தோளைக் குலுக்கினாயா என்று இப்போது கேட்கலாம், கேட்க இதைவிட வேறு சமயம் வராது, ஆனால் செண்பகராஜ் குனிந்து பார்த்தபோது இடது கால் சாக்ஸ் இழுத்த இழுப்பில் முழங்காலுக்கு மேலே ஏறி முறுக்கிக்கொண்டு நின்றது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் இன்னும் அந்தப் பேரைக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு கையை நெஞ்சுக்குக் கீழேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்தான்.

"மெதுவா" என்றான் ரெய்ண்டர்.

மெதுவாகத்தான் அவனைச் சாய்த்துப் படுக்க வைத்தான் செண்பகராஜ்.